வரலாற்றில் வரும் ஒருவருக்கு நாம் உறவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உங்கள் தாத்தா வழி ஒரு பாளையக்காரர் குடும்பம் என்று வீட்டில் சொல்கிறார்கள், அது உண்மையா என்று எப்படிப் பார்ப்பது எனக் கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியோடு நான் நான்கு வருடம் அலைந்தேன். எங்கள் பூர்வீகம் சிவகங்கைப் பக்கம். "நாம மருது பாண்டியர் வகையறாடா" என்று அப்பத்தா சொல்லாத நாளில்லை.

நான் முதலில் செய்த தப்பை நீங்கள் செய்ய வேண்டாம். சின்ன மருதுவின் பிள்ளைகள் யார், பேரன்கள் யார் என்று மேலிருந்து கீழே தேடிக்கொண்டிருந்தேன். அதிலேயே ஒரு வருடம் போனது. 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டபோது, அவர்கள் வீட்டு ஆண்மக்களையும் கும்பினிப் படை, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின் படை, விட்டுவைக்கவில்லை. சிறுவனாக இருந்த சின்ன மருதுவின் மகன் துரைசாமியை, வேறு எழுபதுக்கும் மேற்பட்டவர்களோடு 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். 1818-ல் அங்கே அவரைப் பார்த்ததாக ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலப் படை அதிகாரி எழுதியிருக்கிறார். சின்ன மருதுவிடம் ஈட்டி எறியவும், வளரி என்ற வளைந்த எறி ஆயுதத்தை வீசவும் கற்றுக்கொண்டவர் இந்த வெல்ஷ். இவ்வளவு படித்தும் எங்கள் குடும்பம் பக்கம் ஒரு அடி கூட நகர முடியவில்லை. மேலிருந்து வரும் நூல் எங்கே அறுந்தது என்பதுதான் தெரிந்தது.

அதனால் உங்களிடமிருந்து தொடங்கி மேலே ஏறுங்கள். நீங்கள், அப்பா, தாத்தா, அவர் அப்பா. ஒவ்வொரு படிக்கும் ஏதாவது ஒரு காகிதம் வேண்டும்.

எனக்கு முதலில் கிடைத்தது ஒரு மொய் நோட்டு. 1954-ல் பெரியப்பாவுக்குக் காது குத்தியபோது எழுதியது. பரணில் பித்தளை அண்டாவுக்குள் கிடந்தது. பக்கத்தின் உச்சியில் பிள்ளையார் சுழி, கீழே ஊதா மையில் ஊர், பெயர், தொகை. ஒரே ஊர்க்காரர்கள் என்றால் முதல் வரியில் ஊர்ப்பெயர், அதற்கப்புறம் பக்கம் முழுக்க ௸, ௸ என்று மேற்படிக் குறிதான். ஒரு ரூபாய் நாலணாவை 1-4-0 என்று போட்டிருந்தார்கள். அதில் காளையார்கோவில் பக்கத்து ஊர் ஒன்றின் கீழே பதினொரு பேர் இருந்தார்கள். அந்த ஊரில் நமக்கு யார் இருக்கிறார்கள் என்று அப்பாவைக் கேட்டால் அவருக்கே தெரியவில்லை. அப்பத்தாதான் "அவுக நம்ம பங்காளிக, சாமி ஒண்ணு" என்றார்.

அந்தச் சாமியைப் பிடித்துக்கொண்டேன். சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலுக்குப் போனபோது, தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று கோயில் வரி, வாங்குகிற பெரியவரிடம் பழைய நோட்டுகள் இருந்தன. எந்தத் தலைக்கட்டு எதிலிருந்து பிரிந்தது என்பது அவருக்கு மனப்பாடம். அங்கேயே உட்கார்ந்து மூன்று தலைமுறை எழுதிக்கொண்டேன். பெயர்களில்தான் குழம்பினேன். பேரன் என்றாலே பெயரன், தாத்தா பெயரைத் தாங்குகிறவன். ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வரும், கூடவே பெரியப்பா மகனுக்கும் அதே பெயர் இருக்கும். நம்மிடம் குடும்பப் பெயர் வழக்கம் கிடையாது. ஆகவே பெயரோடு ஊரும் தகப்பன் பெயரும் சேர்ந்து பொருந்தினால் மட்டுமே அவர் இவர்தான் என்று எழுதுங்கள். எங்கள் வம்சத்தில் இரண்டு 'மருது' வருகிறார்கள். அதை நான் ஆதாரமாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் சீமையில் அந்தப் பெயரைப் பிரியத்தினாலேயே வைப்பார்கள்.

அடுத்தது பத்திரம். பத்திரப் பதிவு 1860-களில்தான் முறையாகத் தொடங்கியது. பழைய கிரயப் பத்திரங்களில் 'இன்னார் குமாரர் இன்னார்' என்று தகப்பன் பெயர் இருக்கும், சில சமயம் பாட்டன் பெயரும் வரும். சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் மனு போட்டு, பல தடவை நடந்து, 1880-களைச் சேர்ந்த ஒன்றை வாங்கினேன். அதில் எழுதிக் கொடுத்தவரின் தகப்பனார் 1830 வாக்கில் பிறந்திருக்க வேண்டும். அத்தோடு சரி. சிவகங்கை ஜமீனாக இருந்த சீமை என்பதால், அதற்கு முந்தைய கிராமக் கணக்கு எல்லா ஊருக்கும் கிடைப்பதில்லை.

உங்களுடையது பாளையக்காரர் குடும்பம் என்றால் நீதிமன்றத் தீர்ப்புகளை விடாதீர்கள். வாரிசு வழக்குகளில் வம்சாவளியே அச்சாகியிருக்கும். சிவகங்கை ஜமீன் வழக்கு, 1829-ல் ஜமீன்தார் இறந்த பிறகு தொடங்கி அப்போது கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1863-ல் அவர் மகள் காத்தம நாச்சியார் பக்கம் தீர்ப்பானது. யார் யாருக்கு என்ன உறவு என்று அதில் வரிவரியாக அலசியிருக்கிறார்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் ஒரு நாளாவது செலவிடுங்கள். எங்கள் ஊர்ப்பக்கத்து நகரத்தார்களுக்கு இந்த அலைச்சல் குறைவு. ஒன்பது நகரக் கோயில்களில் திருமணமானதும் அவரவர் கோயிலில் ஒரு புள்ளியாக, அதாவது தனிக் குடும்பமாக, பதிந்துவிடுகிறார்கள்.

மரபணுச் சோதனை செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒப்பிட அந்தப் பக்கமும் ஒரு மாதிரி வேண்டுமே. 2012-ல் இங்கிலாந்தின் லெஸ்டரில் ஒரு கார் நிறுத்துமிடத்தின் கீழே, 1485-ல் போரில் இறந்த மூன்றாம் ரிச்சர்டு மன்னரின் எலும்புக்கூடு கிடைத்தது. அவர் அக்காவின் பெண்வழியில் வந்த ஒரு தச்சரின் மரபணு அதனோடு பொருந்தியது. தந்தைவழியில் சொந்தம் என்று காகிதம் சொன்ன ஐந்து ஆண்களில் ஒருவருக்குக்கூடப் பொருந்தவில்லை. நடுவில் எங்கோ காகிதத்தில் இருந்த தகப்பன் வேறு, பெற்ற தகப்பன் வேறு. இன்னொன்று, எட்டுத் தலைமுறைக்கு முன்னால் நமக்கு 256 முன்னோர்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களின் வழி நடுவில் ஒரு பெண் மூலமாகத்தான் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கும், அந்தப் பெண்களின் பெயரைப் பெரும்பாலும் பத்திரத்தில் எழுதவில்லை.

என் கணக்கில் 1801-க்கும் 1830-க்கும் நடுவில் ஒரு ஆள் இடைவெளி இருக்கிறது. ரத்த உறவு என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் 'வகையறா' என்ற சொல்லை இப்போது வேறு மாதிரிக் கேட்கிறேன். மருதுவோடு நின்றவர்கள், அவர் படைக்குச் சோறு கட்டிக் கொடுத்த ஊர்க்காரர்கள் எல்லோரும் அதில் அடக்கம். அப்பத்தா அந்த அர்த்தத்தில் சொல்லியிருக்கவும் கூடும்.

போன பொங்கலுக்கு எல்லாவற்றையும் அவரிடம் விவரமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது கெடக்கட்டும், அந்த நோட்டுல எங்க அய்யா பேரு இருக்கா?" என்றார். முதல் பக்கத்திலேயே இருந்தது. கல்லல், அவர் பெயர், 5-0-0. வாசித்தேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.