தற்காப்புக் கலைத் திரைப்படங்கள் இத்தனை ஆண்டுகள் கழிந்தும் சலிக்காமல் இருப்பது ஏன்?

ஆசானைக் கொன்றவனைத் தேடிப் புறப்படும் மாணவன் என்ற ஒரே கதையை ஐம்பது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப எடுத்தும், அந்தப் படங்களை மக்கள் இன்னமும் விரும்பிப் பார்ப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். முப்பது ஆண்டுகளாக இவற்றைப் பார்த்து வருபவன் என்ற முறையிலும், சிறு வயதில் சிலம்பம் பயின்றவன் என்ற முறையிலும் எனக்குப் பட்டதை எழுதுகிறேன். ஒரு வித்தை உடம்பில் ஏறுவதற்கு எவ்வளவு காலமும் உழைப்பும் பிடிக்கும் என்பதை நம் கண்ணெதிரே காட்டுகிற படங்கள் இவை. என்னை இவற்றோடு கட்டிப்போட்டிருப்பது அதுதான்.

ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸ் நிறுவனத்துக்காக லாவ் கார் லியுங் இயக்கி 1978இல் வெளிவந்த ‘தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவோலின்’ படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது சீனாவை ஆண்ட மஞ்சு வம்சத்தின் கொடுமையால் நெருங்கியவர்களை இழந்த இளைஞன் ஒருவன், ஷாவோலின் பௌத்த மடத்தில் தஞ்சம் புகுந்து சான் தே என்ற பெயரில் துறவியாகிறான். மடத்தில் முப்பத்தைந்து பயிற்சிக் கூடங்கள் இருக்கின்றன; தலைப்பில் வரும் முப்பத்தாறாவது, அவன் பின்னால் தொடங்குவது. அவசரக்காரனான அவன் எடுத்த எடுப்பிலேயே உச்சிக் கூடத்துக்குள் நுழைந்து, அங்கே சூத்திரம் ஓதிக்கொண்டிருக்கும் முதிய துறவிகளின் முன்னால் நிற்கக்கூட முடியாமல் வெளியே வந்து விழுகிறான். பிறகு அடிமட்டக் கூடத்திலிருந்து தொடங்குகிறான். அது சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழிதான். நடுவில் தண்ணீர், தண்ணீரில் மிதக்கும் ஒரு கட்டைக் கட்டு. அதை ஒரே மிதி மிதித்து அக்கரைக்குத் தாவ வேண்டும். தவறினால் தண்ணீரில் விழ வேண்டும், அன்றைய சாப்பாடும் போய்விடும். அவன் விழுகிறான், மறுபடி விழுகிறான், எல்லோரும் உறங்கிய பிறகு தனியாக வந்து தாவிப் பார்த்து அப்போதும் விழுகிறான்.

அதைத் தாண்டினால் அடுத்த வேதனை காத்திருக்கிறது. இரு கைகளையும் பக்கவாட்டில் விறைப்பாக நீட்டித் தண்ணீர் வாளிகளைச் சுமந்து மேட்டில் ஏற வேண்டும். மேற்கைகளில் கத்திகள் கட்டப்பட்டிருப்பதால், கை சோர்ந்து சற்றே தாழ்ந்தாலும் முனை விலாவில் ஏறிவிடும். வேறொரு கூடத்தில், நுனியில் கனமான சம்மட்டி பொருத்திய நீண்ட கழியின் அடியைப் பிடித்துக்கொண்டு, மணிக்கட்டின் வலுவால் மட்டுமே மணியை அடிக்க வேண்டும். படத்தின் நடுப்பகுதி முழுவதும் இப்படியே போகிறது. பகைவன் என்று ஒருவரும் அங்கே இல்லை. சண்டைப் படம் என்று நம்பி வந்து உட்கார்ந்தவர்கள், சண்டையே இல்லாத அந்த நீண்ட நேரத்தைத்தான் வாழ்நாள் முழுவதும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

எனக்குச் சிலம்பம் சொல்லிக் கொடுத்த வாத்தியார் முதல் நான்கு மாதம் கம்பையே கையில் தரவில்லை. மண்ணில் கோடு கிழித்து, சுவடு, அதாவது காலடி வரிசை, வைக்க மட்டும் சொல்வார். அந்த நாட்களில் கணுக்கால் கனத்துப் போய்ப் படியேற முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது இப்போதும் நினைவிருக்கிறது. வாளி சுமக்கும் காட்சியை வாடகை டெக்கில் முதன்முறை பார்த்தபோது, மொழி ஒரு சொல்லும் புரியாமலேயே, அந்தத் துறவி என்னைப் போன்ற ஒருவன் என்று தோன்றிவிட்டது. தையல், தவில், தச்சு என்று எந்தத் தொழிலை ஒருவரிடம் நின்று கற்றவரும் அந்தக் காட்சியில் தம்மைக் காண்பார் என்றே நினைக்கிறேன்.

அந்தப் பயிற்சியை எடுத்துக் காட்டியவர்களும் அப்படிக் கற்றவர்களே. இயக்குநர் லாவ் கார் லியுங் தம் கலையைத் தந்தை லாவ் சாமிடமிருந்து பெற்றார். அந்தத் தந்தை லாம் சாய் விங்கின் மாணவர். லாம் சாய் விங்கோ, 19ஆம் நூற்றாண்டில் தென்சீனத்தின் குவாங்தொங் பகுதியில் மருத்துவராகவும் ஆசானாகவும் புகழ்பெற்ற வோங் ஃபெய் ஹங்கின் நேர் சீடர். சான் தேவாக நடித்த கோர்டன் லியு அந்த லாவ் குடும்பத்தில் பிள்ளையாக ஏற்கப்பட்டு அங்கேயே பயின்றவர். ஹாங்காங் நடிகர்களான ஜாக்கி சான், சம்மோ ஹங், யுவென் பியாவ் மூவரும் யூ ஜிம் யுவென் நடத்திய பீக்கிங் இசைநாடகப் பள்ளியில் சிறுவர்களாகச் சேர்ந்து, கடுமையான அடக்குமுறைக்கு நடுவே ஆண்டுக்கணக்கில் குட்டிக்கரணமும் தலைகீழாகக் கைகளில் நிற்பதும் பழகியவர்கள். அந்தக் கடுமையை நான் மெச்ச மாட்டேன், குழந்தைகளை அப்படி அடித்து வளர்த்தது தவறுதான். ஆனாலும் திரையில் தெரியும் லாவகம் எங்கிருந்து வந்தது என்பதை மறைத்துப் பேச முடியாது.

அந்த உழைப்பை மறைக்காமல் காட்டும் படப்பிடிப்பு முறையும் அவர்களிடம் இருந்தது. உச்சி முதல் உள்ளங்கால் வரை உடல் முழுவதும் தெரியும்படி கேமராவைத் தள்ளி வைத்து, அடிப்பவரையும் அடி வாங்குபவரையும் ஒரே சட்டகத்தில் நிறுத்துவார்கள். நான்கைந்து அடிகள் மளமளவென்று விழுந்ததும் ஒரு கணம் இருவரும் அசையாமல் நிற்பார்கள்; பிறகு மீண்டும் தொடங்கும். நாடக மேடையின் தாளத்திலிருந்து வந்த நிறுத்தம் அது; நடந்தது இன்னதென்று கண் வாங்கிக்கொள்ள அது இடம் தருகிறது. நொடிக்கு ஒரு வெட்டு வெட்டி, கேமராவை உலுக்கி எடுக்கும் சண்டைகள் அன்றைக்கே மறந்துபோவதற்கு, அந்த இடத்தை அவை தராததே காரணம் என்பேன். 1983இல் வந்த ‘பிராஜெக்ட் ஏ’ படத்தில் ஜாக்கி சான் மணிக்கூண்டின் முள்ளில் தொங்கி, கை நழுவி, இரண்டு துணிப் பந்தல்களைக் கிழித்துக்கொண்டு தரையில் விழுவதை ஒரு முறைக்கு மேல் காட்டுவார்கள். விழுவது அவரேதான் என்பது நமக்குத் தெரியும்; வயிறு கலங்குகிறது.

ப்ரூஸ் லீயைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முழுமையாகாது. 1973 ஜூலை 20 அன்று 32 வயதில் மறைந்த அவர், 1972இல் தாமே எழுதி இயக்கிய ‘தி வே ஆஃப் தி டிராகன்’ படத்தில் ரோம் நகரத்துப் பழைய அரங்கமான கொலோசியத்தில் அமெரிக்கக் கராத்தே வீரர் சக் நாரிசோடு மோதுகிறார். மோதலுக்கு முன் இருவரும் எதிரெதிரே நின்று அவசரமில்லாமல் தசைகளைத் தளர்த்தி, விரல்களைச் சொடுக்கித் தயாராகிறார்கள். ஒரு பூனைக்குட்டி பார்த்துக்கொண்டிருக்கிறது. முடிவில், தோற்று இறந்தவனின் சட்டையையும் இடைவாரையும் எடுத்து வந்து அவன்மேல் போர்த்திவிட்டு ப்ரூஸ் லீ மண்டியிடுகிறார். எதிரியும் பல ஆண்டு உழைத்துக் கற்றவன் என்ற மரியாதை அந்த ஒரு செயலில் இருக்கிறது. எனக்கு அந்தச் சண்டையைவிட அந்தப் போர்வை பெரிதாகப் படுகிறது.

கதை ஒன்றாகவே இருப்பதைக் குறையாகக் கேட்டிருந்தீர்கள். பாஞ்சாலியின் சபதம் எப்படி முடியும் என்று தெரியாத எவரும் நம் ஊரில் தெருக்கூத்துப் பார்க்க வருவதில்லை. துச்சாதனன் வேடக்காரர் இன்றைக்கு எப்படி அடவு பிடிக்கிறார் என்று பார்க்கத்தான் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள். 1949 முதல் வோங் ஃபெய் ஹங்காக க்வான் டாக் ஹிங் எழுபதுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்ததும், மக்கள் அத்தனையையும் பார்த்ததும் இப்படித்தான் நிகழ்ந்தன. தாய்லாந்தின் தற்காப்புக் கலையான முவாய் தாய் 2003இல் ‘ஓங் பாக்’ மூலமும், இந்தோனேசியாவின் கலையான சிலாட் 2011இல் ‘தி ரெய்டு’ மூலமும் உலகெங்கும் பேசப்பட்டபோதும் கதை எளியதே, உடல்மொழி புதியது.

பௌத்தத் துறவி போதி தர்மர் காஞ்சியிலிருந்து சீனாவுக்குப் போய்க் கற்றுக்கொடுத்ததால் இது நம் கலை என்று சிலர் இந்தக் கேள்விக்கு விடை சொல்வதுண்டு. அவரை இந்த உடற்பயிற்சிகளோடு இணைக்கும் நூல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, அவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் பிந்தியது. அந்த உரிமை இல்லாமலேயே இந்தப் படங்களை நேசிக்க எனக்குப் போதுமான காரணம் இருக்கிறது.

சென்ற ஐப்பசியில் என் மகளுக்குச் சான் தேயின் கதையைப் போட்டுக் காட்டினேன். ஒன்பது வயது. தண்ணீரில் மூன்றாவது முறை விழுந்தபோது, “அப்பா, இன்னைக்காவது அவர் சாப்பிட்டாரா?” என்று கேட்டாள். மறுநாள் மாலை நான் வீடு திரும்பியபோது, மழைநீர் தேங்கிய வாசலின் நடுவே ஒரு செங்கல்லைப் போட்டு, அதில் ஒற்றைக் கால் மட்டும் வைத்து எதிர்ப்பக்கம் தாவ முயன்றுகொண்டிருந்தாள். பாவாடை முழங்கால்வரை நனைந்திருந்தது.