இணையக் கருவி காட்டிய பசை ஏன் பிடிக்கவில்லை?

கேள்வி: கோயம்புத்தூர் கணபதியில் ஆறு பேருடன் சிறு பட்டறை நடத்துகிறேன். பண்ணைகளுக்கு உரக்கரைசல் செலுத்தும் தொட்டிகளைச் செய்து தருகிறோம். தொட்டி பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. அதன் பக்கவாட்டில் 400 மி.மீ. நீளமுள்ள அலுமினியச் சட்டத்தை ஒட்டி, அதில் மூன்று கிலோ எடையுள்ள கட்டுப்பாட்டுப் பெட்டியை மாட்ட வேண்டும். பசை தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் இணையதளத்தில் உள்ள தேர்வுக் கருவியில் 'பிளாஸ்டிக்', 'உலோகம்', 'அதிக வலிமை' என்று குறித்தேன். அது காட்டிய நான்கில் வலிமை எண் மிகுதியாக இருந்த எப்பாக்ஸியை வாங்கி ஒட்டினோம். பதினைந்தே நாளில் சட்டம் பெயர்ந்து விழுந்துவிட்டது. பசை முழுவதும் அலுமினியத்தில் இருந்தது. தொட்டியில் துளிகூட இல்லை. கருவியை நம்பியது தவறா?

பதில்: பசை முழுவதும் அலுமினியத்தில் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். காரணத்தைக் கண்டுபிடிக்க அந்த ஒரு தகவலே போதும். பசை நடுவில் பிளந்து இரு பக்கமும் பாதிப் பாதியாக நின்றிருந்தால் வலிமை போதவில்லை என்று சொல்லலாம். ஒரு பக்கத்தை முழுவதுமாக விட்டுவிட்டு வந்திருப்பதால், அது அந்தப் பரப்பில் முதலிலிருந்தே பிடிக்கவில்லை என்று பொருள். நீங்கள் வாங்கிய எப்பாக்ஸி மட்டமானது அன்று. பாலிப்ரொப்பிலீனுக்கு உரியது அன்று, அவ்வளவுதான்.

பசை பிடிக்க வேண்டுமானால் அது முதலில் பரப்பின்மீது பரவி நனைக்க வேண்டும். நனைக்குமா நனைக்காதா என்பதைப் பரப்பின் மேற்பரப்பு ஆற்றல் பெருமளவு தீர்மானிக்கிறது. இந்த அளவு ஏபிஎஸ் பிளாஸ்டிக்குக்கு மீட்டருக்குச் சுமார் 42 மில்லிநியூட்டன், பாலிகார்பனேட்டுக்குச் சுமார் 46. பாலிப்ரொப்பிலீனுக்கோ ஏறத்தாழ 30 மட்டுமே. மெழுகு தடவிய தாளில் நீர் உருண்டு நிற்பதைப் போல, சாதாரண எப்பாக்ஸி அதன்மீது பரவாமல் நின்றுவிடுகிறது. ஆகவே 'பிளாஸ்டிக்' என்ற ஒரே சொல்லைக் குறித்தபோது, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல பொருள்களை நீங்கள் ஒரே பெயரில் கருவியிடம் கொடுத்துவிட்டீர்கள். நல்ல கருவிகளில் பிளாஸ்டிக்கின் வகையைக் குறிக்கத் தனிப் பட்டியல் இருக்கும். அதில் 'தெரியவில்லை' என்ற தெரிவும் இருந்தால், தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். பொருள் என்னவென்று கண்டுபிடித்த பிறகே கருவிக்குத் திரும்புங்கள்.

கண்டுபிடிப்பது அரிதன்று. வார்ப்பின் அடியில் முக்கோணக் குறிக்குள் 5 என்று இருந்தால் பாலிப்ரொப்பிலீன், 2 என்று இருந்தால் அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன். குறி இல்லையென்றால் ஒரு சிறு துண்டை வெட்டி நீரில் போடுங்கள். இவ்விரண்டும் மிதக்கும், ஏபிஎஸ், பிவிசி, நைலான், பாலிகார்பனேட் ஆகியவை மூழ்கும். டால்க் போன்ற நிரப்பி கலந்த பாலிப்ரொப்பிலீன் மூழ்கக்கூடும் என்பதால், பொருள் தந்தவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்தது, நீங்கள் பெரிதும் நம்பிய அந்த வலிமை எண். கருவிகள் முன்னால் நிறுத்துவது பெரும்பாலும் இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, அவை சறுக்கும் திசையில் இழுத்துப் பார்க்கும் சோதனையின் எண்ணைத்தான். உலோகத் தகடுகளுக்கு இதை ஏஎஸ்டிஎம் டி1002, ஐஎஸ்ஓ 4587 போன்ற தர முறைகளின்படி செய்கிறார்கள். 20 மெகாபாஸ்கல் (ஒரு சதுர மி.மீ. பரப்புக்கு 20 நியூட்டன்) என்று குறித்திருந்தால், 25 மி.மீ. அகலமும் 12.5 மி.மீ. மேற்படிவும் உள்ள ஒட்டு ஏறத்தாழ 6,250 நியூட்டன், அதாவது 600 கிலோவுக்கு மேற்பட்ட இழுவையைத் தாங்கியது என்று பொருள். அதே பசையின் உரிப்புச் சோதனை எண் மில்லிமீட்டருக்கு 2 நியூட்டன் என்று இருக்கலாம். அப்படியானால் அதே 25 மி.மீ. அகல ஒட்டை ஓரத்திலிருந்து உரித்தெடுக்க ஐந்து கிலோ இழுப்பே போதும். உங்கள் பெட்டி சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு தொங்குவதால், அதன் எடை சட்டத்தின் மேல் ஓரத்தைத் தொட்டியிலிருந்து பிய்த்து இழுக்கிறது. நீங்கள் பார்த்திருக்க வேண்டியது இரண்டாவது எண். மேலும், சோதனையில் சில நிமிடங்களுக்குள் இழுத்து முடித்துவிடுவார்கள். உங்கள் பெட்டியோ ஆண்டுக்கணக்கில் தொங்க வேண்டும்.

வெப்பத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். அலுமினியம் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 23 பங்கு விரிகிறது. பாலிப்ரொப்பிலீன் 100 பங்கும் அதற்கு மேலும் விரிகிறது. விடியற்காலைக்கும் உச்சி வெயிலுக்கும் இடையே தொட்டியின் சுவர் 40 டிகிரி சூடேறினால், 400 மி.மீ. நீளத்தில் அலுமினியம் 0.4 மி.மீ.கூட நீளாது, தொட்டியின் சுவரோ 1.6 மி.மீ. நீண்டிருக்கும். இந்த வேறுபாட்டை நாள்தோறும் தாங்க வேண்டியது இடையில் இருக்கும் மெல்லிய பசைப் படலம். அதிக வலிமை எண் உள்ள எப்பாக்ஸிகள் பலவும் கெட்டித்தன்மை உடையவை, வளைந்து கொடுக்காதவை என்பதால், வலிமையை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர் இங்கே பொருந்தாத பசையிடமே போய்ச் சேர்வார்.

மீண்டும் கருவியில் தேடுவதானால் பொருள்களின் சரியான பெயர், உரிப்பு விசை, வெயில், உரக்கரைசல் தெறித்தல், ஒட்டும் இடைவெளி, அசையாமல் பிடித்துவைக்கக் கிடைக்கும் நேரம் ஆகிய எல்லாவற்றையும் கொடுங்கள். பாலிப்ரொப்பிலீனைப் பூச்சின்றி ஒட்டுவதற்கென்றே தயாரிக்கப்பட்ட அக்ரிலிக் பசைகள் உண்டு; 3எம் நிறுவனத்தின் டிபி8005 அவ்வகையைச் சேர்ந்தது. நிறுவனத்தின் கருவி அந்நிறுவனத்தின் சரக்கை மட்டுமே காட்டும் என்பதால், ஒரே விவரங்களை இரண்டு மூன்று நிறுவனங்களின் கருவிகளில் கொடுத்துப் பாருங்கள். எல்லாக் கருவிகளும் ஒரே வகைப் பசையைச் சுட்டினால் வகை ஏறத்தாழச் சரி என்று கொள்ளலாம். பிறகு தொழில்நுட்பத் தரவுத்தாளைத் தரவிறக்கி, உங்கள் பிளாஸ்டிக்கில் சோதித்த எண் அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். அலுமினியத்தில் கிடைத்த எண் உங்களுக்குப் பயன்படாது. அக்ரிலிக் பசைகள் பலவற்றின் ஆவி கடுமையானது என்பதால் பாதுகாப்புத் தரவுத்தாளையும் படித்துவிட்டு, காற்றோட்டம் உள்ள இடத்தில் பயன்படுத்துங்கள்.

தரவுத்தாளில் உள்ள வேலை நேரம், அதாவது பசை கெட்டியாவதற்குள் ஒட்டி முடிக்கக் கிடைக்கும் நேரம், பெரும்பாலும் 23 டிகிரியில் அளந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். பத்து டிகிரி கூடினால் நேரம் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பட்டறைக் கணக்கு. சித்திரை மாதத்தில் தகரக் கூரையின் கீழ் 38 டிகிரி இருக்கும்போது, 20 நிமிடம் என்று எழுதியிருப்பது ஏழு நிமிடமாகச் சுருங்கிவிடும்.

இத்தனைக்கும் பிறகு, உங்கள் வேலைக்கு நான் பசையையே பரிந்துரைக்க மாட்டேன். பசைக் கருவி பசையைத்தான் காட்டும். பசை வேண்டாம் என்ற விடை அதிலிருந்து வராது. பாலிப்ரொப்பிலீன் நன்றாக உருகி இணையும் பொருள். அதே பொருளில் இரண்டு தாங்கிகள் செய்து, வெப்பக் காற்றுக் கருவியும் பற்றுக்கம்பியும் கொண்டு தொட்டியில் பற்றவைத்து, அவற்றில் அலுமினியச் சட்டத்தைப் போல்ட் போட்டு இறுக்குங்கள். சட்டத்தின் ஒரு முனைத் துளையை நீள்துளையாக விட்டால் விரிவுக்கும் இடம் கிடைத்துவிடும். பசைதான் வேண்டும் என்று வாடிக்கையாளர் வற்புறுத்தினால், ஐந்து மாதிரிகளை ஒட்டி, உண்மையான எடையைப் போல இரு மடங்கைத் தொங்கவிட்டு, ஒரு கோடை முழுவதும் வெயிலில் வைத்துப் பார்த்த பிறகு விற்பனைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: அந்த எப்பாக்ஸியை இணையச் சந்தை ஒன்றில் வாங்கினேன். வந்து சேர்ந்தபோது காலாவதிக்கு மூன்று வாரமே இருந்தது. விற்பனைப் பக்கத்தில் அந்தத் தேதி இல்லை. நுகர்வோர் என்ற முறையில் முறையிட முடியுமா?

பதில்: முறையிடலாம், ஆனால் ஒரு தடையை முன்கூட்டியே அறிந்திருங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்காக வாங்குபவரை நுகர்வோராகக் கொள்வதில்லை. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கியவருக்கு அதில் விலக்கு உண்டு. நீங்கள் ஆறு பேரை வைத்துத் தொழில் நடத்துவதால் எதிர்த்தரப்பு இந்த வாதத்தை எழுப்பக்கூடும். ஆயினும் 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, காலாவதித் தேதி உள்ள பொருளுக்கு அதை விற்பனையாளர் தெரிவிக்க வேண்டும். சந்தைத் தளத்தின் குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். முதலில் அங்கே எழுத்தில் புகார் கொடுங்கள். தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள்.

ஆனால் அலுமினியச் சட்டம் பெயர்ந்ததற்கான இழப்பை இந்தப் புகாரோடு சேர்க்காதீர்கள். மூன்று வாரம் மீதமிருந்த பசை பாலிப்ரொப்பிலீனில் பிடிக்காமல் போனதற்குத் தேதி காரணமன்று என்று எதிர்த்தரப்பு எளிதில் காட்டிவிடும். அதனால் நியாயமான முதல் புகாரும் வலுவிழக்கும். பயன்படுத்தாத பசைக் குழாய்களுக்கு மட்டும் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். தொகுதி எண் தெரியும்படி எடுத்த படங்கள், விலைச்சீட்டு, விற்பனைப் பக்கத்தின் திரைப்பதிவு ஆகியவற்றை இன்றே எடுத்து வையுங்கள். அந்தப் பக்கத்தை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் திருத்திவிட முடியும்.