தொடை இடுக்கு அரிப்பு: அந்தக் களிம்பை முதலில் பாருங்கள்

தம்பி, மூன்று மாதமாக அரிப்பு, மெடிக்கலில் கொடுத்த களிம்பு தடவினால் அடங்குகிறது, விட்டால் இன்னும் படர்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். டியூபைத் திருப்பிப் பாருங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. அரிப்பை அமுக்கிவிடும், பூஞ்சைக்கு மட்டும் கொண்டாட்டம். நானும் ஒரு வருடம் இப்படித்தான் ஏமாந்தேன். நிறுத்தினால் சில நாள் எரிச்சல் கூடலாம், பதற வேண்டாம்.

வட்டமாகச் சிவந்து ஓரம் தடித்திருந்தால் பெரும்பாலும் படர்தாமரை என்ற பூஞ்சைத் தொற்றுதான். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். சென்னை சென்ட்ரல் ரயில் நிலையம் எதிரே ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையிலேயே தோல் பிரிவு இருக்கிறது, கூச்சப்பட ஒன்றுமில்லை. அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்தாதீர்கள். மருத்துவர் சொன்ன நாள்வரை போடுங்கள். அங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறோம். சர்க்கரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சென்னை வேர்வைக்கு நாள் முழுக்க பைக்கில் இறுக்கமான ஜீன்ஸ் ஆகாது. உள்ளாடையை வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள், மழை நாளில் இஸ்திரி. துண்டு தனியாக இருக்கட்டும்.

அப்புறம், கால் விரல் இடுக்கில் சேற்றுப்புண் இருக்கிறதா? அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். ஜட்டிக்கு முன்னால் சாக்ஸ் போடுங்கள். சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் காலில் இருப்பது மேலே ஏறாது.