ஸ்டார்ட் செய்தால் செட் இரைகிறது: வண்டி ரேடியோ கேள்வி பதில்

வண்டியில் ஹாம் செட் (லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காகப் பேசுகிற ரேடியோ) மாட்டியவர்களும், குவாரி லாரியில் விஎச்எஃப் செட் (பக்கத்து வண்டிகளோடு பேசுகிற ரேடியோ) வைத்திருப்பவர்களும் கேட்ட கேள்விகள் இவை. தருமபுரியில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பார்த்துக்கொண்டே ஹாம் லைசென்ஸும் வைத்திருப்பதால் இரண்டு பக்கமும் எனக்குக் கொஞ்சம் பழக்கம்.

பாலக்கோட்டுத் தம்பி: அண்ணே, டீசல் ஜீப்பில் எச்எஃப் செட், தூரத்து ஊர்களோடு பேசுகிற ஷார்ட்வேவ் ரேடியோ. வண்டி நிற்கும்போது 7 மெகாஹெர்ட்ஸ் அருமையாகக் கேட்கிறது. ஸ்டார்ட் செய்தால் ஒரே இரைச்சல். கடையில் 1800 ரூபாய்க்கு நாய்ஸ் ஃபில்டர் இருக்கிறதாம், வாங்கலாமா?

இப்போது வாங்காதீங்க தம்பி. அந்த ஃபில்டர் பவர் ஒயரில் வருகிற இரைச்சலைத்தான் தடுக்கும், ஆன்டெனா வழியாக வந்தால் 1800 ரூபாயும் தண்டம். முதலில் எஞ்சினை ஓடவிட்டு, செட்டின் பின்னால் ஆன்டெனா பிளக்கைக் கழற்றுங்கள். இரைச்சல் போய்விட்டால் ஆன்டெனா வழி, அப்படியே இருந்தால் பவர் ஒயர் வழி. கழற்றியிருக்கும்போது மைக் பட்டனை மட்டும் அமுக்கிவிடாதீங்க, செட்டின் ஃபைனல் (கடைசிப் பவர்) டிரான்சிஸ்டர் போய்விடலாம்.

அடுத்து, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து கேளுங்கள். அப்போதே இரைந்தால் டைனமோ (ஆல்டர்னேட்டர்) மேல் பழி இல்லை. டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது என்பதால் அந்தச் சந்தேகமும் வேண்டாம். சாவி ஆனிலேயே இருக்கட்டும், பியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, கேட்டு, திரும்பச் சொருகிக்கொண்டே வாருங்கள், எதைப் பிடுங்கும்போது அமைதியாகிறதோ அந்த லைனில்தான் ஆள் இருக்கிறான். ஏர்பேக், ஏபிஎஸ் பியூஸ்களைத் தொட வேண்டாம். அரை மணி நேர வேலை, செலவு ஒன்றும் இல்லை. பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒருவர்: எனக்கு எல்லாரும் தெளிவாகக் கேட்கிறார்கள். ஆனால் என் குரலோடு ஒரு விசில் வருவதாகவும், ஆக்சிலரேட்டர் மிதித்தால் அதுவும் ஏறுவதாகவும் சொல்கிறார்கள்.

அது டைனமோ விசில் சார். லைட்டர் சாக்கெட்டிலிருந்தோ ஸ்டீரியோ ஒயரிலிருந்தோ பவர் எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தடிமனான ஒயராகப் பேட்டரியிலிருந்தே நேராக இழுங்கள், பியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், நடுவில் ஒயர் உரசினால் தீப்பிடிக்காமல் காப்பது அதுதான். புது வண்டிகளில் நெகட்டிவ் டெர்மினலில் பேட்டரி சார்ஜைக் கவனிக்கிற ஒரு சென்சார் இருக்கும். அப்படி இருந்தால் செட்டின் நெகட்டிவை டெர்மினலில் கட்டாமல், பேட்டரி எர்த் கேபிள் பாடியில் போல்ட் ஆகிற இடத்தில் கட்டுங்கள்.

அப்புறமும் விசில் வந்தால் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, எஞ்சின் வேகமாக ஓடும்போது ஹெட்லைட்டையும் போட்டுப் பேட்டரியில் அளந்து பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் பரவாயில்லை, 0.5-ஐத் தாண்டினால் டைனமோ டையோடு போயிருக்கலாம். மலிவான சில மீட்டர்கள் டிசியையே ஏசி என்று காட்டும், அதனால் எஞ்சினை நிறுத்தி ஒருமுறை அளந்து பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பர்கூர் டிப்பர் ஓட்டுநர்: 24 வோல்ட் வண்டியில் கன்வெர்ட்டர் போட்டு 12 வோல்ட் செட் ஓடுகிறது. ஒரே கொரகொரப்பு. ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாங்க. இரண்டில் ஒன்று மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கும், மற்றது அளவுக்கு மேல் சார்ஜ் ஆகும், கடைசியில் இரண்டையும் மாற்ற வேண்டிவரும். கன்வெர்ட்டர்தான் காரணமா என்று தெரிய, யூபிஎஸ்ஸில் இருக்கிற 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி ஒன்றைத் தனியாக வைத்துச் செட்டை ஓட்டுங்கள், கன்வெர்ட்டரின் இன்புட் ஒயரையும் கழற்றிவிடுங்கள். அமைதியானால் உலோகப் பெட்டிக்குள் இருக்கிற நல்ல கன்வெர்ட்டராக வாங்கி, ஆன்டெனா கேபிளை விட்டுத் தள்ளி மாட்டுங்கள்.

ஓசூரிலிருந்து ஒரு சகோதரி: அண்ணா, 2 மீட்டர் ஹாம் பேண்டில் (விஎச்எஃப்) எஃப்எம்மில் எனக்கு இரைச்சலே இல்லை. ஆனால் வண்டியில் ஏறினால் தூரத்து ஸ்டேஷன்கள் காணாமல் போகின்றன.

இதுவும் அதே நோய்தான்மா. எஃப்எம்மில் இரைச்சல் காதில் விழாது, ஸ்கெல்ச் (சிக்னல் மெலிந்தால் ஸ்பீக்கரை அடைத்துவிடுகிற அமைப்பு) மூடிக்கொள்வதால் மெலிந்த சிக்னல் தொலைந்துபோகும். ஸ்கெல்சை முழுக்கத் திறந்துவைத்து, ஒரு மெல்லிய சிக்னலைப் பிடித்துக்கொண்டு டாஷ்கேம் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பல வண்டிகளில் நான் பார்த்தது டாஷ்கேமின் சார்ஜரும் அதன் நீளமான ஒயரும்தான்.

பென்னாகரம் ரோட்டில் தினமும் போகிறவர்: சில இடங்களில் மட்டும் கர்ரென்று வந்து, தாண்டினால் நின்றுவிடுகிறது.

உங்கள் வண்டியில் குறை இல்லை சார், அது மின்கம்பம். விரிசல் விட்ட இன்சுலேட்டரிலோ தளர்ந்த இணைப்பிலோ பொறி பறந்தால் நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் நொடிக்கு 100 முறை வெடிக்கும், அந்தக் கர்ர் அதுதான். கம்பத்து எண்ணைக் குறித்து மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கொடுங்கள். கம்பத்தையோ ஸ்டே கம்பியையோ தட்டிப் பார்க்கவே கூடாது.

அரூர், பழைய பெட்ரோல் ஜீப்: டிக் டிக் என்று வருகிறது, வேகத்தோடு கூடுகிறது.

ஸ்பார்க் பிளக். பல கம்பெனிகளின் பிளக் எண்ணில் ஆர் எழுத்து இருந்தால் இரைச்சலைக் குறைக்கிற ரெசிஸ்டர் பிளக், அதை உங்கள் எஞ்சினுக்கு ஏற்றதாகப் பார்த்துப் போடுங்கள். இருட்டில் எஞ்சினை ஓடவிட்டு பானெட்டைத் திறந்தால் பழைய பிளக் ஒயரில் நீலப்பொறி தெரியும், தெரிந்தால் ஒயரையும் மாற்றுங்கள். என் பழைய காரில் இவ்வளவும் செய்தும் பாதி இரைச்சல் நின்றபாடில்லை. கடைசியில் சைலன்சர் பைப், ரப்பரில் தொங்குவதால் எர்த் இல்லாமல் தானே ஓர் ஆன்டெனாவாக வேலை செய்துகொண்டிருந்தது. பின்னல் செம்புப் பட்டையால் அதையும் பானெட்டையும் பாடியோடு பிணைத்த அன்றுதான் நிம்மதியாகக் கேட்டேன்.

மறுபடி பாலக்கோட்டுத் தம்பி: அண்ணே, சாவி ஆனிலேயே இரைச்சல். ஆறாவது பியூஸைப் பிடுங்கினால் போய்விட்டது! டாஷ்போர்டில் தனியாக மாட்டின யூஎஸ்பி சாக்கெட் லைன்.

சந்தோஷம் தம்பி. போன் சொருகாவிட்டாலும் அது உள்ளே ஓடிக்கொண்டேதான் இருக்கும். கழற்றிவிடுங்கள். கட்டாயம் வேண்டும் என்றால் 31 மிக்ஸ் (பொருள் வகை எண்) ஃபெரைட் வளையத்தில், அதாவது இரைச்சலை அடக்குகிற காந்தப்பொருள் வளையத்தில், அதன் ஒயரை ஏழெட்டுச் சுற்றுச் சுற்றுங்கள், ஒயர்மேல் கவ்வுகிற ஃபெரைட் கிளிப் ஒன்றை மட்டும் மாட்டினால் 7 மெகாஹெர்ட்ஸில் பெரிதாக ஒன்றும் குறையாது. பிடுங்கின பியூஸைத் திரும்பப் போட்டுவிட்டீங்களா?