டிஃபென்ஸ் பேரைச் சொல்லி சீட் வாங்காதீங்க அண்ணா

அண்ணா, உங்க வாய்ஸ் மெசேஜ் கேட்டேன், கவலை புரியுது. ஆனா பொண்ணோட மாமா சொல்றாருன்னு மேனேஜ்மென்ட் கோட்டால பயோமெடிக்கல் இன்ஜினியரிங்குக்கு லோன் போட்டீங்கன்னா அது தப்பு, நேராவே சொல்லிடறேன். படிச்சு முடிச்சா ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓல வேலைன்னு அவர் சொல்றது அவ்ளோ ஈஸி இல்ல. கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதணும், அதுலயும் மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸோட பார்த்தா பயோமெடிக்கலுக்கு வர்ற இடம் ரொம்ப கம்மி.

"ஆளைக் கொல்றதுக்கு உதவுற வேலை எனக்கு வேணாம்ப்பா"ன்னு பாப்பா சொன்னதுக்கு மாமா சிரிச்சாராம். சிரிக்க என்ன இருக்கு? அமெரிக்கால ஜான் ஷூயர்மன்னு ஒரு அம்மா, கழுத்துக்குக் கீழ அசைவே இல்ல, மூளைல சிப் வச்சு 2012ல ரோபோ கையால சாக்லேட் எடுத்து தானே சாப்பிட்டாங்க. காசு போட்டது அந்த நாட்டு ராணுவத்தோட ஆராய்ச்சி அமைப்பு டார்பா. அதே சிப்ப வச்சு அந்தம்மா எஃப்-35 போர் விமான சிமுலேட்டரையும் ஓட்டினாங்கன்னு 2015ல டார்பா தலைவரே சொன்னாங்க. கை கொடுத்த டெக்னாலஜி எங்க போய் நிக்குது பாருங்க. அதே மாதிரி, தூக்கம் வராம இருக்கன்னு ராணுவத்துல மாத்திரை கொடுத்தா சிப்பாய் நெஜமாவே வேணாம்னு சொல்ல முடியுமா? பொண்ணு கேக்குறதும் இந்த மாதிரி கேள்விதான்.

அதுக்காக ராணுவம்னாலே ஒதுங்கணும்னு இல்ல, நம்ம தேஜஸ் போர் விமான பைலட்டுக்காக டிஆர்டிஓவோட பெங்களூர் டெபெல் லேப் பண்ண ஆக்ஸிஜன் டெக்னாலஜிதான் 2021 கொரோனால ஆஸ்பத்திரி ஆக்ஸிஜன் பிளான்ட்டா வந்துச்சு.

அவளுக்கு நான் சொல்றது பிபிஓ, கால் சென்டர் இல்ல, ப்ராஸ்தெடிக்ஸ் அண்ட் ஆர்த்தோடிக்ஸ், அதாவது செயற்கைக் கை கால், தாங்கு பட்டை எல்லாம் செஞ்சு பொருத்துற டிகிரி. இன்டர்ன்ஷிப்போட சேர்த்து நாலரை வருஷம். வெட்டுப்பட்ட கால்ல மாவுக்கட்டு போட்டு அச்சு எடுத்து, அதுல பிளாஸ்டர் ஊத்தி, எலும்பு துருத்துற இடத்துல கொஞ்சம் ஏத்தி, தாங்குற இடத்துல செதுக்கி, பாலிப்ரொப்பிலீன் ஷீட்ட ஓவன்ல சூடாக்கி அது மேல இழுத்து ஒட்ட வச்சு, மீதிக் கால் உள்ள நுழையுற சாக்கெட் பண்ணணும். அப்புறம் கம்பியப் பிடிச்சு நடக்க விட்டு, கால் போட்டவர் "இங்க உரசுது"ன்னா திரும்ப முதல்லருந்து. கை வேலையும் உண்டு, உடற்கூறும் உண்டு, நாள் பூரா மனுஷங்களோடதான். கண்ணிவெடில கால் போன ஜவானும் வருவாரு, சுகர்ல கால் எடுத்த தாத்தாவும் வருவாரு. புனேல ராணுவத்தோட செயற்கைக் கால் மையம் 1944லருந்து இருக்கு.

கட்டாக், கொல்கத்தால மத்திய அரசு இன்ஸ்டிட்யூட் இருக்கு, வேலூர் சிஎம்சியும் பாருங்க. எங்க சேந்தாலும் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) அங்கீகாரம் இருக்கணும், இல்லாட்டி தொழில் பண்ண முடியாது. ஆரம்ப சம்பளம் சுமார்தான், அதனாலதான் லோன் சுமை இல்லாம படிக்கட்டும்ங்கறேன்.

மாமாகிட்ட நீங்களே பேசுங்க, பொண்ண முன்னாடி நிறுத்தாதீங்க. காலேஜ்ல கேக்குற டோக்கன் அட்வான்ஸ கட்டிடாதீங்க.