பழைய லேப்டாப்பில் அன்இன்ஸ்டால் செய்தும் ஆன்டிவைரஸ் போக மறுக்கிறது. அதன் ஃபோல்டரையே அழித்துவிடலாமா?

வேண்டாம். அந்த ஃபோல்டர் மேல் கை வைக்காதீர்கள். நான் கை வைத்துச் சூடு பட்டவன்.

நீங்கள் எழுதியிருப்பதை நான் புரிந்துகொண்டது இப்படி. விண்டோஸ் 10 ஓடும் பழைய லேப்டாப். அதில் சந்தா முடிந்து இரண்டு வருடமான ஒரு ஆன்டிவைரஸ். கன்ட்ரோல் பேனலுக்குப் போய் அன்இன்ஸ்டால் கொடுத்தீர்கள், அதுவும் போய்விட்டதாகச் சொன்னது. மறுநாள் லேப்டாப்பைப் போட்டால் "உங்கள் பாதுகாப்பு காலாவதியாகிவிட்டது" என்று அதே பலகை வந்து நிற்கிறது. விண்டோஸ் 10-இன் சொந்த ஆன்டிவைரஸான விண்டோஸ் டிஃபெண்டரும் ஆன் ஆகவில்லை. வெறுத்துப்போய், புரோகிராம் ஃபைல்ஸில் கிடக்கும் ஃபோல்டரை அப்படியே தூக்கிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

நான் அதைத்தான் செய்தேன். அப்பாவின் லேப்டாப் அது. விண்டோஸ் 7, 2 ஜிபி ராம், வாங்கும்போதே உள்ளே வைத்துக் கொடுத்திருந்த ஒரு ஆன்டிவைரஸ் (பெயர் வேண்டாம், எல்லாருமே இந்த விஷயத்தில் அண்ணன் தம்பிகள்தான்). அன்இன்ஸ்டால் பாதியில் நின்று பிழை காட்டியது. ஃபோல்டரை அழிக்கப் போனால் "அனுமதி இல்லை". சரி, விண்டோஸ் ஓடினால்தானே தடுப்பாய் என்று பென் டிரைவில் இருந்து லினக்ஸைத் துவக்கி, அந்த ஃபோல்டரையும், டிரைவர்ஸ் ஃபோல்டரில் (வன்பொருளையும் விண்டோஸையும் இணைக்கும் சின்ன மென்பொருள்கள் இருக்கும் இடம்) அதே நிறுவனத்தின் பெயர் இருந்த கோப்புகளையும் ஒரே மூச்சில் அழித்தேன். பெரிய சாமர்த்தியம் என்று நினைப்பு.

திரும்ப விண்டோஸைப் போட்டேன். கடவுச்சொல் கேட்கும் திரை வந்தது. கீபோர்டு வேலை செய்யவில்லை. வேறொரு யூஎஸ்பி கீபோர்டைச் செருகிப் பார்த்தேன், அதுவும் செத்துக் கிடந்தது. மவுஸ் மட்டும் நகர்ந்தது. கடைசியில் அந்தத் திரையின் கீழ் மூலையில் இருக்கும் சின்னப் பொத்தானை அழுத்தி, திரைக் கீபோர்டை வரவழைத்து, அப்பாவின் கடவுச்சொல்லை மவுஸால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தி உள்ளே போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா, "முன்னாடியாவது மெதுவா ஓடுச்சு" என்றார்.

நடந்தது என்னவென்றால், கீபோர்டில் தட்டுவதைத் திருட்டு மென்பொருள் ஒட்டுக்கேட்காமல் இருப்பதற்காக, அந்த ஆன்டிவைரஸ் கீபோர்டு வழியில் தன்னுடைய டிரைவர் ஒன்றை நுழைத்து வைத்திருந்தது. ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளையெல்லாம் எழுதி வைக்கும் இடம்) கீபோர்டுக்கான பகுதியில் "அப்பர் ஃபில்டர்ஸ்" என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் விண்டோஸின் சொந்த டிரைவர் பெயரும் இதன் பெயரும் இருந்தன. நான் கோப்பை அழித்தேன், பட்டியலில் பெயர் அப்படியே இருந்தது. விண்டோஸ் அந்தப் பெயரைத் தேடிப் போய், கிடைக்காமல், கீபோர்டு வரிசையையே கைவிட்டுவிட்டது. அந்த ஒரு பெயரை மட்டும் பட்டியலில் இருந்து எடுத்து, விண்டோஸின் பெயரை விட்டுவைத்து, ரீஸ்டார்ட் செய்ததும் கீபோர்டு உயிர் பெற்றது. இது கீபோர்டோடு போனது என் நல்ல நேரம். ஹார்ட் டிஸ்க் வழியில் உட்கார்ந்திருக்கும் டிரைவரை இப்படி அழித்திருந்தால், கடவுச்சொல் திரை வருவதற்கு முன்பே, விண்டோஸ் நிலைகுலைந்து நிற்கும் நீலத்திரைதான்.

ஆன்டிவைரஸ் மற்ற மென்பொருள் மாதிரி இல்லை என்பது அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது. பாட்டு கேட்கும் மென்பொருள் ஒரு ஃபோல்டருக்குள் வாழ்கிறது. ஆன்டிவைரஸ் விண்டோஸின் மையப்பகுதியான கெர்னலுக்குள் போய் உட்கார்கிறது. நீங்கள் எந்தக் கோப்பைத் திறந்தாலும் அது முதலில் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வரும். அந்த ஆழத்தில் ஏதாவது பிசகினால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 19 அன்று உலகமே பார்த்தது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரே ஒரு தவறான புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் விழுந்தன. கோப்புகளைப் பார்ப்பது தவிர, ஆன்டிவைரஸ் இணைய இணைப்பிலும் ஒரு வடிகட்டி, பிரவுசரில் ஒரு எக்ஸ்டென்ஷன், பாதுகாப்பான தளங்களையும் திறந்து பார்ப்பதற்கு ஒரு சான்றிதழ், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் சில வேலைகள் என்று பல இடத்தில் வேர் விட்டிருக்கும். அதன் ஃபோல்டருக்குள் போய் அதைத் திருத்த முடியாதபடி தற்காப்பும் வைத்திருக்கும். வைரஸே வந்து ஆன்டிவைரஸை அழித்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. நீங்களா வைரஸா என்று அதற்கு வித்தியாசம் தெரியாது.

சரி, செய்ய வேண்டியது.

முதலில் முக்கியமான படங்களையும் ஆவணங்களையும் வெளியே ஒரு டிஸ்க்கில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். வைஃபை கடவுச்சொல்லை எழுதி வையுங்கள். விண்டோஸில் நுழையப் பின் எண்தான் பழக்கம் என்றால், உண்மையான கடவுச்சொல் ஞாபகம் இருக்கிறதா என்று பாருங்கள். சேஃப் மோடில் (குறைந்தபட்சத் தேவைகளோடு மட்டும் விண்டோஸ் எழும் நிலை) பின் எண் ஏற்காமல் போகலாம். சந்தேகப்பட்ட கோப்புகளை ஆன்டிவைரஸ் அடைத்து வைக்கும் குவாரண்டைன் பகுதியில் ஏதாவது உங்களுக்குத் தேவையான கோப்பு மாட்டியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். ஆன்டிவைரஸ் போகும்போது அதையும் சேர்த்துக்கொண்டு போய்விடலாம்.

அடுத்தது உங்களுக்கு மிக முக்கியம். பெரும்பாலான ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் தங்கள் பொருளைச் சுத்தமாக நீக்குவதற்கென்றே தனியாக ஒரு கருவியை இலவசமாகத் தருகின்றன. அவாஸ்டுக்கு அவாஸ்ட் கிளியர், மெக்காஃபிக்கு எம்சிபிஆர், காஸ்பர்ஸ்கைக்கு கேஏவிரிமூவர், இசெட்டுக்கு இசெட் அன்இன்ஸ்டாலர், நார்ட்டனுக்கு ரிமூவ் அண்ட் ரீஇன்ஸ்டால். எந்த டிரைவர் எந்தப் பட்டியலில் பதிந்திருக்கிறது என்பது அதை வைத்தவனுக்குத்தான் தெரியும், எடுப்பதும் அவன் கையால் நடந்தால்தான் ஒழுங்காக நடக்கும். அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் இருந்து மட்டும் இறக்குங்கள். தேடுபொறியில் மேலே வரும் விளம்பரங்களில், "எல்லாவற்றையும் நீக்கித் தருகிறேன்" என்று சொல்லிவிட்டுத் தானே குடியேறிக்கொள்ளும் சரக்குகள் இருக்கும்.

பழைய கம்ப்யூட்டரில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. பத்து வருடத்தில் மூன்று ஆன்டிவைரஸ் மாறியிருக்கும். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் மிச்சம் வைத்துவிட்டுப் போயிருக்கும். எது எது இருந்தது என்று வீட்டில் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் உரிய கருவியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வரிசை. ஆன்டிவைரஸ் இன்னும் திறக்கிறது என்றால் அதன் செட்டிங்ஸில் தற்காப்பு என்ற பொருளில் உள்ளதை அணைத்துவிட்டு, சாதாரண விண்டோஸிலேயே வழக்கமான அன்இன்ஸ்டாலை முதலில் ஓட்டுங்கள். நேராக சேஃப் மோடுக்குப் போய் அதைச் செய்யாதீர்கள். விண்டோஸ் இன்ஸ்டாலர் சேவை அங்கே இயல்பாக ஓடாது, அதை நம்பி இருக்கும் அன்இன்ஸ்டால்கள் பாதியில் நிற்கும். "செட்டிங்ஸை வைத்துக்கொள்ளவா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கன்ட்ரோல் பேனலில் பெயரே இல்லை, அல்லது அன்இன்ஸ்டால் பிழை காட்டுகிறது என்றால், கேட்கக் கோமாளித்தனமாக இருக்கும், அதே பதிப்பைத் திரும்ப மேலேயே இன்ஸ்டால் செய்துவிட்டு அப்புறம் அன்இன்ஸ்டால் செய்யுங்கள். உடைந்த அன்இன்ஸ்டாலர் இதில் பெரும்பாலும் சரியாகிவிடும்.

முடிந்ததும் ரீஸ்டார்ட். ஷட் டவுன் செய்துவிட்டு மறுநாள் போடுவது ரீஸ்டார்ட் ஆகாது. உங்கள் கதை இங்கேதான் மாட்டியிருக்கும் என்பது என் சந்தேகம். விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று உண்டு. ஷட் டவுன் கொடுத்தால் அது கெர்னலை முழுசாக மூடாமல், அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்து, அடுத்த முறை அதையே எழுப்பும். நீக்கப்பட வேண்டிய டிரைவரும் கூடவே எழுந்து வரும். "அடுத்த துவக்கத்தில் அழிக்கவும்" என்று குறித்து வைத்த கோப்புகளும் அழியாமல் கிடக்கும். மெனுவில் ரீஸ்டார்ட் என்பதை அழுத்தினால்தான் நிஜமாகவே எல்லாம் இறங்கி ஏறும்.

அதற்கும் அடங்காவிட்டால் நிறுவனத்தின் கருவி. ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். வரும் நீலப் பக்கத்தில் டிரபுள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய் மறுபடி ரீஸ்டார்ட் கொடுத்து, பட்டியலில் 4-ஐ அழுத்தினால் சேஃப் மோட். கருவியை அங்கே ஓட்டுங்கள். விண்டோஸின் துவக்க அமைப்புகளை மாற்றும் எம்எஸ்கான்ஃபிக் வழியாகவும் சேஃப் மோடுக்குப் போகலாம், ஆனால் அதில் போட்ட டிக்கை எடுக்கும் வரை ஒவ்வொரு முறையும் சேஃப் மோடிலேயே எழும். பின் எண் மட்டும் தெரிந்தவர் அதில் மாட்டினால் வெளியே வருவது பெரும்பாடு.

போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள ஃபோல்டர்களைத் தேடி அலைய வேண்டாம். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து fltmc என்ற ஐந்து எழுத்தையும் சேர்த்துத் தட்டி என்டர் அடியுங்கள். கோப்பு வழியில் உட்கார்ந்திருக்கும் வடிகட்டிகள் வரிசையாக வரும், ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரு எண் இருக்கும். 320000 முதல் 329998 வரை உள்ள எண்களை மைக்ரோசாஃப்ட் ஆன்டிவைரஸ்களுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறது. 328010 டிஃபெண்டருடையது. அந்த எல்லைக்குள் வேறு ஏதாவது எண் தெரிந்தால், பழையது இன்னும் உள்ளே உயிரோடு இருக்கிறது.

அப்புறம் மைக்ரோசாஃப்டின் ஆட்டோரன்ஸ் என்ற இலவசக் கருவி. விண்டோஸோடு சேர்ந்து எழும் எல்லாவற்றையும் காட்டும். மைக்ரோசாஃப்ட் உருப்படிகளை மறைக்கச் சொல்லிவிட்டால் மிச்சம் கொஞ்சம்தான். பழைய நிறுவனத்தின் பெயர் இருப்பதில் டிக்கை மட்டும் எடுங்கள், அழிக்காதீர்கள். தப்பாகிப் போனால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். டிரைவர்கள் இருக்கும் பக்கத்தில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். என் கீபோர்டு கதை டிக்கை எடுத்தாலும் நடக்கும். அந்த வேலை நிறுவனத்தின் கருவிக்கு. உங்களைத் தொந்தரவு செய்யும் பலகை பெரும்பாலும் இங்கேயோ டாஸ்க் ஷெட்யூலரிலோதான் ஒளிந்திருக்கும். நீக்கிய பிறகு இணையம் வராமல் போனால் பயப்பட வேண்டாம், விண்டோஸ் 10-இன் நெட்வொர்க் செட்டிங்ஸில் உள்ள நெட்வொர்க் ரீசெட்டை அழுத்துங்கள். வைஃபை கடவுச்சொல்லை எழுதி வைக்கச் சொன்னது இதற்குத்தான்.

இன்னொரு ஆன்டிவைரஸ் பொறுப்பில் இருப்பதாக விண்டோஸின் செக்யூரிட்டி சென்டரில் பதிவு இருக்கும் வரை டிஃபெண்டர் ஒதுங்கியே நிற்கும். அந்தப் பதிவு போனதும் பெரும்பாலும் தானாக எழுந்துவிடும்.

"முழுசாக நீக்குவது" பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் அளவுக்கு மீறிப் போகிறார்கள். எதுவும் ஓடக் கூடாது, எதுவும் துவக்கத்தில் ஏறக் கூடாது, அவ்வளவுதான் முழுசு. எங்கோ ஒரு காலி ஃபோல்டர், ரெஜிஸ்ட்ரியில் பத்து செத்த வரிகள் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். அவை ஒரு நொடியைக்கூடத் தின்பதில்லை. அதைத் துடைக்கிறேன் என்று ரெஜிஸ்ட்ரி கிளீனர் எதையாவது கொண்டுவந்து ஓட்டினால், நான் லினக்ஸை வைத்துச் செய்ததை நீங்கள் ஒரே பொத்தானில் செய்துவிடுவீர்கள்.

வேகம் கூடுமா? கொஞ்சம் கூடும். ஒவ்வொரு கோப்பையும் நிறுத்திச் சோதிக்கும் ஆள் ஒருவர் குறைகிறார் இல்லையா. ஆனால் உள்ளே இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் அதிசயம் எதிர்பார்க்காதீர்கள். அப்பாவின் லேப்டாப் ஆன்டிவைரஸ் போனதும் சுமாராக ஓடியது. சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க் மாற்றிய பிறகுதான் அது நன்றாக ஓடியது.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. டிஃபெண்டருக்கான வைரஸ் பட்டியல் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். ஆகவே உங்களுக்கு டிஃபெண்டர் போதும், வேறொன்றைத் தேட வேண்டாம், ஆனால் விண்டோஸின் ஓட்டைகளை அது அடைக்காது. உங்கள் லேப்டாப் விண்டோஸ் 11-ஐ ஏற்காத வயது என்றால், வங்கி வேலைகளை அதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பேன். விண்டோஸ் 7 வைத்திருப்பவர் யாராவது இதைப் படித்தால்: அதில் கூடவே வரும் டிஃபெண்டர் ஸ்பைவேரை மட்டும்தான் பார்க்கும், முழு ஆன்டிவைரஸ் அல்ல. பழையதை எடுத்துவிட்டால் அங்கே காவலுக்கு ஆளே இல்லை.

ஒன்று விட்டுப்போச்சு. மென்பொருளை நீக்குவதால் சந்தா நிற்காது. உங்களுடையது முடிந்துவிட்டதாகச் சொல்கிறீர்கள், இருந்தாலும் அந்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் கணக்குக்குள் போய் ஆட்டோ ரினியூவல் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அப்பா விஷயத்தில் லேப்டாப்பில் இருந்து அதைத் துரத்திய எட்டாவது மாதம் அட்டையில் பணம் எடுத்திருந்தார்கள்.