சகலை, சம்பந்தி: ஆங்கிலக் கார்டில் எப்படிப் போடுவது?

வணக்கம் அண்ணே. மகள் கல்யாணக் கார்டை ஆங்கிலத்திலும் அடிக்கிறீர்கள், சகலைக்கும் சம்பந்திக்கும் என்ன போடுவது என்று கேட்டிருந்தீர்கள். நானும் உங்களைப் போல மலேசியாவில் சுங்கை சிப்புட்காரன்தான், போன வருடம் எனக்கும் இதே தலைவலி.

சகலைக்கு ‘பிரதர்-இன்-லா’ போதும். ‘கோ-பிரதர்’ என்பது இந்திய ஆங்கிலம், வெளியே பலருக்குப் புரியாது. மச்சான், அக்கா புருஷன், சகலை எல்லாருக்கும் ஆங்கிலத்தில் அந்த ஒரே சொல்தான். அதிலுள்ள ‘லா’ பழைய திருச்சபைச் சட்டம். யார் யாரை மணக்கக்கூடாது என்று வகுத்தது அது. நம்மைப் போல முறை வைத்துக் கூப்பிட வந்த சொல் இல்லை.

சம்பந்திக்கு ஆங்கிலத்தில் சொல்லே கிடையாது. மலாயில் அழகாக ‘பெசான்’ இருக்கிறது, சகலைக்கும் ஓரகத்திக்கும்கூட ‘பிராஸ்’ உண்டு. எங்கள் கார்டில் சம்பந்தி பெயருக்கு மேலே அச்சுக்கடையில் ‘ஃபாதர்-இன்-லா’ என்று போட்டுவிட்டார்கள். படித்தவர்கள் அவரை என் மாமனார் என்றே நினைத்தார்கள். ராத்திரி உட்கார்ந்து 300 கார்டையும் பேனாவால் திருத்தினோம். நீங்கள் ‘பேரண்ட்ஸ் ஆஃப் த குரூம்’ என்றே போடுங்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் சம்பந்தி வீட்டிலும் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.